இடது பின் சக்கரம்

பேய் என்றால் அமாவாசை, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் பார்த்தது வெயில் இருக்கும்போது. ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை, சாயங்காலம் 5:34. நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்றால், டிராக்டர் ஸ்டியரிங் பக்கத்தில் மொபைலைச் சொருகி வைத்து, நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். போலீஸிடம் இதைச் சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை. வக்கீலிடம் சொன்னேன். "கோர்ட்ல இதப் பத்தி வாயத் தொறக்காதப்பா" என்றார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் ஜெயசீலன். ஆம்பூரில் சொந்தமாக ஒரு டிராக்டரும் நாலு சக்கர டிரெய்லரும் வைத்திருந்தேன். தோல் பதனிடுகிற டேனரிகளின் மிஷின்களை இடம் மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. எங்கள் பக்கத்து டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அதனால் மிஷின் ஏற்றுவது எல்லாம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகுதான் நடக்கும். ரோட்டோரத்து ஷூ கம்பெனிகளுக்கு அன்றைக்கு லீவு கிடையாது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஏற்றியது ஒரு மர டிரம். தோலைப் போட்டு, தண்ணீரும் மருந்தும் ஊற்றிச் சுற்றவிடுவார்களே, அந்தப் பெரிய உருளை. எட்டடி உயரம். மூடிப்போன டேனரியிலிருந்து நாட்றம்பள்ளிக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். பேப்பரில் எடை மூன்றரை டன் என்று போட்டிருந்தது. அது காய்ந்த மரத்தின் எடை. ஆனால் டிரம்மை யாரும் காயவிட மாட்டார்கள். காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விழுந்துவிடும், வாங்க வந்தவர் முகம் சுளிப்பார். அதனால் விற்கிற நாள் வரைக்கும் தண்ணீர் ரொப்பியே வைத்திருந்து, அன்று காலையில்தான் வடிப்பார்கள். முப்பது வருஷம் குடித்துக் குடித்து ஊறிய மரம் அது. தூக்கும்போது கிரேனே முக்கி முனகியது.

நான் ஆறு வருஷம் டேனரியில் வேலை செய்தவன். ஊறின டிரம் எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். அது போதாதென்று, அதன் இரும்புப் பல்சக்கரம், மோட்டார், தாங்கி எல்லாவற்றையும் அதே டிரெய்லரில் ஏற்றினேன். ஐந்து டன் தாங்குகிற டிரெய்லர்.

புரோக்கர் ஆபித் பாஷா கேட்கத்தான் கேட்டார். "லோடு ஜாஸ்தியா தெரியுது ஜெயசீலா. ரெண்டு ட்ரிப்பா அடிச்சிக்கோயேன்."

"தாங்கும் பாய்."

அவர் மேல் பழி போடக்கூட எனக்கு வழியில்லை. நாட்றம்பள்ளியில் இறக்குகிற கிரேன் எட்டு மணி வரைக்கும்தான் நிற்கும். விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு வாரம் காத்திருக்க மனசில்லை. காரணம் இவ்வளவுதான். இதைச் சொல்ல இப்போது என் வாயே கசக்கிறது.

என்னோடு வந்தவர் பூவரசன். லோடு கட்டுவதில் கெட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கயிறு கட்டி முடித்துவிட்டு டிரெய்லரைச் சுற்றி வந்தவர், இடது பின் சக்கரத்திடம் நின்றுவிட்டார்.

"இதுல ஒரு போல்ட்டு ஒடஞ்சிருக்குதே."

"ஆறுல அஞ்சு இருக்குது இல்ல? ஏறுண்ணே."

"ஷூ கம்பெனி வுடுற நேரம் ஜெயசீலா. ரோட்டோரம் பூரா பொம்பளைங்க நிப்பாங்க. கயண்டுச்சுன்னா எவ தலையிலன்னு தெரியாது."

"பேஜார் பண்ணாதண்ணே. ஏறு."

ஏறினார். அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

5:02-க்குக் கிளம்பினோம். ஆம்பூரைத் தாண்டியதுமே பின்னாலிருந்து சத்தம் ஆரம்பித்தது. கிடுக்... கிடுக்... கிடுக்... சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு கிடுக். நான் காதில் வாங்காத மாதிரி ஓட்டினேன்.

5:34. மின்னூர் தாண்டி. சத்தம் நின்றது.

நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போதுதான் அவளைப் பார்த்தேன். ரோட்டின் இடது ஓரம், முள்செடிகளுக்கு முன்னால் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். ஷூ கம்பெனி நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, இடது கையில் பச்சை நிறச் சாப்பாட்டுப் பை. வலது கையை நேராக நீட்டியிருந்தாள். என்னைக் காட்டவில்லை. என் டிரெய்லரின் பின் சக்கரத்தைக் காட்டினாள்.

அங்கே பஸ் ஸ்டாப் கிடையாது, கம்பெனியும் கிடையாது. ஒரு பெரிய லாரி அவளை உரசுகிற மாதிரி போனது. முள்செடியெல்லாம் சாய்ந்து எழுந்தது. அவள் கோட்டின் நுனிகூட அசையவில்லை.

தாண்டியபின் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடியில் பின்னால் போகிற எதுவும் சிறுத்துக்கொண்டே போகும். அவள் சிறுக்கவில்லை... நூறு அடி தாண்டியும் அதே அளவில் நின்றாள். அதே கை, அதே நீட்டல்.

வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். ரோட்டில் யாருமில்லை.

"அந்தப் பொம்பள எங்கண்ணே?"

"எந்தப் பொம்பள?"

"கை காட்டுனாளே."

பூவரசன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் இந்தப் பக்கந்தான் பாத்துட்டு வர்றேன். ஒருத்தியும் இல்ல."

சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டு நட்டு தளர்ந்திருந்தது. நடுவில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. இரும்பும் கிரீஸும் கருகிய வாடை. வீல் ஸ்பானரை மாட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதித்து முறுக்கினேன். அவ்வளவு லோடு ஏறி நிற்கும்போது அப்படி மிதித்தால் போல்ட் இழுபட்டு உள்ளுக்குள் கீறல் விழும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். எனக்கும் தெரிந்ததுதான்.

"பாதிய இங்க எறக்கி வச்சிட்டுப் போலாம்," என்றார் பூவரசன். "நான் காவல் இருக்கிறேன்."

"கிரேன் போய்டும்ணே."

5:51. விண்ணமங்கலம். கிடுக்... கிடுக்... பிறகு திடீரென்று ஒன்றுமில்லை.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அவள்தான். அதே நீலக் கோட்டு, அதே பச்சைப் பை. டிராக்டர் மெதுவாகத்தான் போகும், ஆனால் நடந்து வந்து யாரும் என்னை முந்த முடியாது. இந்த முறை தார் ரோட்டின் விளிம்பிலேயே நின்றாள். கை நீட்டியிருந்தாள். அந்தக் கை நடுங்கியது... ரொம்ப நேரம் கனத்தைத் தூக்கிப் பிடித்த கை மாதிரி.

முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமில்லை. பயந்துபோன முகம்.

பேய் பயப்படுமா? எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினேன்.

"மெதுவா போ," என்றார் பூவரசன்.

நான் இன்னும் அழுத்தினேன்.

6:06. வாணியம்பாடிக்கு முன்னால். சத்தம் நின்றது.

நான் இடது பக்கம் பார்க்கவே இல்லை. ரோட்டை மட்டும் பார்த்தேன். ஆனால் கண்ணாடி இருக்கிறதே...

அவள் டிரெய்லரை ஒட்டி நின்றாள். விரல் நுனிக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்தான் இருக்கும். வாய் அசைந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. முகம் முழுக்க வியர்வை.

நிறுத்தியிருக்கலாம். கால் பிரேக் மேல்தான் இருந்தது. இங்கே நின்றால் அவள் வண்டியில் ஏறிவிடுவாள் என்று தோன்றியது. என் பயம் என்னைப் பற்றித்தான் இருந்தது. ரோட்டோரம் நின்ற அத்தனை பொம்பளைகளில் ஒருத்தியைப் பற்றியும் நான் நினைக்கவில்லை.

காலை எடுத்துவிட்டேன்.

6:22. வாணியம்பாடி தாண்டி, ஒரு பாலத்தின் இறக்கம். லோடு பின்னாலிருந்து தள்ளியது. மிதித்தும் பிரேக் பிடிக்கவில்லை.

டக்.

டக்... டக்.

பூவரசன் கத்தினார்.

டிரெய்லர் இடது பக்கம் சரிந்தது. இரும்பு ரோட்டில் தேய்கிற சத்தம்.

என் பக்கத்தில் ஒரு சக்கரம் ஓடியது. தனியாக. என்னை முந்திக்கொண்டு.

நேராக ஓடியது.

ஒரு குதி. இன்னொரு குதி.

பஸ் ஸ்டாப்.

சத்தம் எதையும் நான் சொல்லப் போவதில்லை.

இறங்கி ஓடினேன். நீலக் கோட்டு போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் அலறிக்கொண்டு விலகினார்கள். கீழே ஒருத்தி கிடந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. இடது கை ஒரு பச்சைப் பையை விடாமல் பிடித்திருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

அவள் பெயர் அமிர்தவள்ளி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. போலீஸ் லோடை எடை போட்டுப் பார்த்தது. எட்டு டன் எழுநூறு கிலோ. பதினாலு நாள் உள்ளே இருந்தேன்.

உள்ளே இருந்தபோது எனக்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். அவள் உயிருள்ள பெண்தான். ஆம்பூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். சக்கரம் ஆடுவதைப் பார்த்துவிட்டு, முன்னால் போய் இறங்கி இறங்கி என்னை எச்சரித்திருக்கிறாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பதினாலு ராத்திரியும் தூங்க முயற்சி பண்ணினேன்.

ஜாமீனில் வந்ததும் மெர்சியைத் தேடிப் போனேன். அமிர்தவள்ளியோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து ஷூ தைக்கிறவள், அன்றைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தவள். என்னை உள்ளே கூப்பிடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு அவங்க மின்னூர் பக்கம் எங்கயாவது போயிருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் போவா? அஞ்சே காலுக்கு ஷிஃப்ட் வுட்டாங்க. கம்பெனி வேன் பஞ்சர். நாங்க ரெண்டு பேரும் அந்த ஸ்டாப்லயேதான் நின்னுட்டு இருந்தோம்."

"நடுவுல..."

"எங்கயும் போவல. ஒரு மணி நேரமும் எம் பக்கத்துலதான் நின்னா."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். நான் மூன்று முறை பார்த்த நேரத்தில் அவள் சாகவே இல்லை. மைல் கணக்கில் தள்ளி, உயிரோடு, வேனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியிருந்தால் அவள் யாரென்றே எனக்குத் தெரியாமல் போயிருக்கும். அவள் பாட்டுக்கு வீட்டுக்குப் போய் உலை வைத்திருப்பாள்.

நான் பார்த்ததை மெர்சியிடம் சொல்லவில்லை. எதையாவது கேட்க வேண்டுமே என்று, "எதுனா சொன்னாங்களா?" என்றேன்.

மெர்சி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"வலது கை வலிக்குதுன்னு சொன்னா. நீட்டியே வச்சிருந்த மாதிரி மரத்துப் போச்சு, மடக்க முடியலன்னா. மூணு தரம் அப்படி வந்துச்சு. நான்தான் தேச்சி வுட்டேன். மூணாவது தரம் அழுதுட்டா."

"வலியிலயா?"

"இல்ல. 'யாரோ என்னப் பாக்குறான்டி, பாத்துட்டு நிக்காம போறான்'னு சொன்னா. யாருடின்னு கேட்டேன். அவளுக்குத் தெரியல."