ஐவியின் கன்னச் சிவப்பு

செலினா புரூக்குக்கு அந்த யார்க்‌ஷையர் பள்ளத்தாக்கில் முகக்காரி என்றுதான் பேர். கண்ணாடிப் படத்தை வெளிச்சத்தால் திரையில் பெரிதாக்கிக் காட்டும் மாயவிளக்குக்குப் படம் செய்யும் பட்டறையில் பத்துப் பெண்கள் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து கண்ணாடிக்கு வண்ணம் தீட்டுவார்கள். ஒருத்திக்கு வானம், ஒருத்திக்குப் புல், ஒருத்திக்குப் பாவாடை. முகம் மட்டும் செலினாவுக்கு. லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் முகம் பட்டாணி அளவுதான் இருக்கும். விளக்கில் ஏற்றினால் அதுவே வெள்ளைத் துணியில் ஆள் உயரத்துக்கு நிற்கும். தூரிகை மயிரிழை தப்பினாலும் சின்னப் பெண்ணுக்கு மீசை முளைத்துவிடும். அதனால் வண்ணம் காய்வதற்குள் விரல் நுனியால் ஒற்றி ஒற்றித் தடம் தெரியாமல் ஆக்குவாள். அந்த விரலில் எப்போதும் ஒரு ரோஜாநிறக் கறை இருக்கும். தேய்த்துக் கழுவினாலும் போகாது.

கதையை ஆட்களை வைத்து நடிக்கவைத்து, புகைப்படமெடுத்துக் கண்ணாடியில் பதிப்பார்கள். நடிக்கிறவர்கள் எல்லாம் உள்ளூர் ஜனம்தான். கசாப்புக் கடைக்காரர் நீதிபதி ஆவார். மதுப்புட்டி இருக்கும் தெருவில்கூட நடக்காத பிரசங்கி ஆர்மிடேஜ், ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு குடிகாரன் ஆவார். ஊருக்கே அதில் ஒரு குஷி. குடிகாரனின் மகளாக நடித்தவள் செலினாவின் ஒரே மகள் ஐவி. அப்போது அவளுக்கு ஏழு வயது.

அந்தக் கதையின் பன்னிரண்டாவது படத்தில் மகள் சாக வேண்டும். ஐவியைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்வை போர்த்தினார்கள். "செத்துப் போறப்ப தும்மலாமா மாமா?" என்று படமெடுப்பவரைக் கேட்டாள். கூடாது என்றதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆர்மிடேஜ் மண்டியிட்டுக் குனிந்து அழ, தாடி அவள் கழுத்தில் உரசியது. சிரிப்பை அடக்கப் பாவம் அவள் பட்ட பாடு! அந்தப் பாடு வாயோரத்தில் அப்படியே பதிந்துவிட்டது.

அடுத்த மார்கழிக் குளிரில் தொண்டை அடைப்பான் வந்து நாலே நாளில் ஐவி போய்விட்டாள். அவள் அப்பா ஈனாக் தறி பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான தறிகளின் இரைச்சலில் நின்றுவிட்டு வந்து, வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார். அடக்கம் செய்த நாளிலிருந்து மகளின் பேரை அவர் வாயில் யாரும் கேட்டதில்லை. செலினா பேரை எடுத்தால் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவளுக்கு வயிறு எரியும். பெற்ற பிள்ளையைப் பேசாமல் பேசாமல் இரண்டாம் தடவை புதைக்கிறாரே என்று.

வசந்தத்தில் அந்தக் கதைப் படங்கள் கேட்டு ஊர் ஊராகக் கடிதம் வந்தது. மேற்பார்வை பார்க்கும் குரோதர் அம்மாள் கண்ணாடிகளோடு செலினா பக்கத்தில் வந்து நின்றாள்.

"பன்னெண்டாவத வேற யாருகிட்டயாவது குடுத்துடறேண்டி."

"எம் புள்ள முகத்த இன்னொருத்தி தொடுறதா? வேண்டாம்மா, நானே பாத்துக்கறேன்."

"அதுல தொடுறதுக்கு என்ன இருக்கு? செத்த முகம். சும்மா வுட்டாப் போதும்."

அதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். கண்ணாடியில் வெள்ளைக்கு வண்ணமே கிடையாது. தொடாமல் விட்ட இடத்தில் விளக்கு வெளிச்சம் பாய்ந்து தானாக வெளுத்துவிடும். செத்தவர்களுக்கு முகக்காரி தேவையில்லை.

செலினா அன்று நெடுநேரம் அந்தப் பட்டாணி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி மெல்ல மலையிறங்கி, ஆலைப் புகைபோக்கிகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்த முகம்பார்க்கும் ஆடியிலிருந்து வெளிச்சம் மேலேறி வர, ஐவி ஏதோ ஒரு குளத்துக்கடியில் படுத்துக்கொண்டு, அம்மா கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. இதைச் சும்மா விடத் தன் கையால் ஆகாது என்று செலினாவுக்குத் தெரிந்துவிட்டது. தூரிகையை வண்ணத்தில் தொட்டெடுத்தாள். இரண்டு கன்னத்திலும் ஒரு துளி ரோஜா, உதட்டில் இன்னொன்று. விரலால் ஒற்றி எடுத்தாள். கெட்டுப்போன படத்தைக் கழுவிவிட்டு, தீட்டியவளையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பட்டுமே! செத்த முகத்தில் சரிபார்க்க ஒன்றுமில்லை என்று குரோதர் அம்மாள் அதைப் பாராமலே பெட்டியில் அடுக்கினாள்.

பட்டறையில் முதலில் முடியும் தொகுப்பை உள்ளூர் ஜெபக்கூடத்தில் காட்டிவிட்டுத்தான் வெளியூருக்கு அனுப்புவார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், வராதே என்று குரோதர் அம்மாள் சொல்லியும் செலினா போனாள். தன்னோடு வரச்சொல்லி ஈனாக்கை ஒரே ஒருமுறைதான் கேட்டாள். அவர் வந்து கடைசி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

விளக்கணைத்ததும் கூடம் மிதக்கத் தொடங்கியது. சூடேறிய எண்ணெய் வாசனை, ஈரக் கம்பளி வாசனை. வெளிச்சத் தூணில் தூசி பொன்னாகச் சுழல, ஒரு படம் கரைந்து இன்னொன்றாக மலர்ந்தது. ஆர்மிடேஜ் கதை வாசித்தார். தாடியில்லாத அவர் குரலும் தாடி வைத்த அவர் உருவமும் ஒருசேர அந்த இருட்டில் இருந்தன.

"பனிபோல வெளுத்துக் கிடந்தது அந்தப் பிஞ்சு முகம்," என்று வாசித்தார். பன்னிரண்டாவது படம் மலர்ந்தது.

ஆள் உயரத்துக்கு ஐவி. இரண்டு கன்னமும் அடுப்படியிலிருந்து இப்போதுதான் எழுந்து வந்தவள்போலச் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பில் வாயோரச் சிரிப்பு துலக்கமாகத் தெரிந்தது. சாகிற பிள்ளை இல்லை அது. கண்ணை மூடிக்கொண்டு ஊரையே ஏமாற்றுகிற கள்ளி.

ஆர்மிடேஜ் அடுத்த வரியைத் தொடங்கினார், பாதியில் நிறுத்தினார். செலினா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இனி ஈனாக் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போவார் என்று காத்திருந்தாள்.

ஈனாக் எழுந்தார். தொப்பி கையிலேயே இருந்தது. ஆலையில் பேசிப் பழகிய உரத்த குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"ஐவி, போதும்டா கண்ணு. கண்ணத் தொற. அப்பா பாத்துட்டேன்."

ஆர்மிடேஜ் புத்தகத்தை மூடினார். தேவதைகள் வந்து தூக்கிப்போகும் பதின்மூன்றாவது படத்தை விளக்குக்காரர் எடுக்கவே இல்லை. எண்ணெய் தீரும்வரை ஐவி துணியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். ஈனாக் உட்கார்ந்து செலினாவின் கையைத் தேடி எடுத்து, அந்தக் கறை படிந்த விரலைத் தன் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.