முகம் கழுவிய நெகட்டிவ்

எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் மணப்பெண் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என் அத்தையின் படம். மற்ற மணப்பெண்களெல்லாம் கம்மல் திருகாணியைத் தொலைத்தவர்கள் மாதிரி தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன மாதம் சித்தப்பாவின் பழைய நெகட்டிவ்களை ஸ்கேனரில் வைத்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சதுர நெகட்டிவ்தான். திரையில் பெரிதாக்கினால் அத்தையின் கடைவாய்ப் பல் வரை தெரிகிறது. "மாலையும் கழுத்துமா இருந்துக்கிட்டு என்னத்துக்கு இந்தச் சிரிப்புச் சிரிக்காவ?" என்று என் மகள் கேட்டாள்.

நான் காதில் சொன்ன ஒன்றைக் கேட்டுத்தான் சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருந்தது என்பதுதான் சொன்ன எனக்கே அன்று தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. சித்தப்பா கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையையே ஸ்டுடியோவாக வைத்திருந்தார். அவர் கேமராவுக்கு மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மேல் கண்ணால் பார்க்க வேண்டும், படம் விழுவது கீழ்க் கண் வழியாக. வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்ப்பார் என்பதால், "படம் பிடிக்கானா, வயித்துவலிக்காரனா?" என்று தெருவே கேட்கும்.

பிலிம் கழுவத் தண்ணீர் நிறைய வேண்டும். எங்கள் தெருக் குழாயோ வாரத்துக்கு ஒருமுறை இருமினால் அதிசயம். ஆகவே எவர் வீட்டுக் காதுகுத்துப் படமானாலும் குழாய் வருகிற நாளுக்குக் காத்திருக்கும். அன்றைக்குக் குடங்களோடு குடமாகச் சித்தப்பாவின் டிரம்மும் வரிசையில் நிற்கும்.

"ஏலே, உலை வைக்கத் தண்ணியில்லாம நாங்க நிக்குதோம், நீ படத்தக் குளிப்பாட்டப் போறியாக்கும்?"

"ஒங்க மூஞ்சியத்தான் மதினி குளிப்பாட்டுதேன். பேசாம குடத்தத் தள்ளுங்க."

சித்தப்பாவுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. பெண்பார்க்கக் கொடுக்கிற படமென்றால், நெகட்டிவில் இருக்கிற முகத்தின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் சிவப்பு மை பூசுவார். மை வெளிச்சத்தை மறிக்கும். மறித்த இடம் பிரிண்டில் வெளுத்து வரும். "என் கை பட்டா கரிச மண்ணும் கோலப்பொடியாயிரும்" என்பது அவர் பெருமை. பெருமையில் பொய்யில்லை.

அத்தை மழை குடித்த கரிசல் நிறம். கோலப்பொடிப் படத்தைப் பார்த்து இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். முதல் கூட்டம் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப்போனது. இரண்டாவது கூட்டத்தில் ஒரு பெரியம்மா, தட்டோடு எதிரே நின்ற அத்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படத்துல இருக்க பிள்ளையக் கூப்பிடுங்க தாயி" என்றாள். அன்று அத்தை அடுக்களைக்குள் போய்ப் வேகாத தோசையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே நின்றாள்.

மூன்றாவதாகப் புதியம்புத்தூரிலிருந்து கேட்டார்கள். தையல் வேலைக்காரக் குடும்பம். புதிதாக ஒரு படம் எடுத்தார் சித்தப்பா. குழாய் வந்தது, பிலிம் கழுவியாயிற்று.

"சின்னண்ணே, இந்த வாட்டி பூசாத. இருக்கபடி போடு" என்றாள் அத்தை.

"சும்மா இருட்டி. பெரியவன் என் தோல உரிச்சிருவான்" என்றார் சித்தப்பா. பெரியவன் என்றது என் அப்பாவை. பூசி, கிளிப்பில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனவர் அப்படியே தூங்கியும் போனார்.

அத்தை நெகட்டிவைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"ஏட்டி, மூஞ்சில தூசி கெடக்கு பாரு. பதனமாக் கழுவி விடு."

எங்கள் ஊர்க் காற்றில் தூசி இல்லாத பொருள் எது? கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி விரல் நுனியால் நீவி நீவிக் கழுவினேன். தண்ணீர் ரோஸ் நிறமாயிற்று. அத்தை அதை முருங்கை மூட்டில் ஊற்றினாள். பிறகு நெகட்டிவை விசிறிக் காயவைத்து மறுபடியும் கிளிப்பில் மாட்டினாள்.

சாயங்காலம் சித்தப்பா இருட்டறைக்குள் பிரிண்ட் போட்டபோது நானும் உள்ளே இருந்தேன். சிவப்பு பல்பு. அந்த வெளிச்சத்தில் சிவப்பு மை இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது. தட்டிலிருந்த மருந்துத் தண்ணீருக்குள் தாள் கிடந்தது. முதலில் கண்கள் வந்தன, பிறகு முகம் வந்தது. வந்தது அத்தையேதான். கோலப்பொடி ஒரு சிட்டிகைகூட இல்லை.

சித்தப்பா தாளை அடுத்த தட்டுக்கு மாற்றினார். வெள்ளை பல்பைப் போட்டு நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் என் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் ரோஸ். நான் பெருமையாக இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். மறுபடியும் அந்த ஈரப் படத்தைப் பார்த்தார்.

வெளியே தரகர் கடைசி பஸ்ஸுக்கு அவசரப்பட்டார். அப்பா உள்ளே வந்து படத்தைப் பார்த்தார்.

"ஏலே, என்னல இது, உள்ளபடியே வந்திருக்கு? பூசிட்டு இன்னொண்ணு போடு."

"போடலாம்ணே. பிரிண்டக் கழுவணும்லா? சொட்டுத் தண்ணி இல்ல. இனி குழாய் வந்தாத்தான்."

இதைச் சொன்ன சித்தப்பா உட்கார்ந்திருந்ததே தண்ணீர் நிறைந்த டிரம்மின் மூடி மேல்தான். "சித்தப்பா, டிரம்முல..." என்று நான் தொடங்குவதற்குள் ஒரு கடலைமிட்டாயை என் வாயில் திணித்துவிட்டார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன. பாகு கரைந்து நான் வாய் திறப்பதற்குள் தரகர் படத்தோடு பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார்கள். அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா படத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். அத்தை தட்டோடு வந்ததும் படத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். "இந்தப் பிள்ளதான்" என்று சொல்லிப் படத்தைச் சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "துணிக்காரங்க நாங்க. பூசுன சாயம் எது, போகாத சாயம் எதுன்னு எங்களுக்குத் தெரியாதா? ஒக்காரு தாயி, ஏன் நிக்க?"

கல்யாணத்தன்று சித்தப்பாதான் படம் பிடித்தார். கேமராவைக் கும்பிடுகிறவர் மாதிரி குனிந்து நின்றார். அத்தை பக்கத்தில் நின்றிருந்த எனக்கு, அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த குட்டை உடைக்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றிற்று. எட்டி அவள் காதில் சொன்னேன்.

"அத்தே, சித்தப்பா சரியான கஞ்சம். அப்பா ஒங்க படத்த வெள்ளையாப் போடச் சொன்னதுக்கு, டிரம் நெறையத் தண்ணிய வச்சிக்கிட்டு இல்லன்னு சொல்லிட்டாவ!"

அத்தை சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நேரத்தில்தான் அவர் அமுக்கினார். ஒரு குடம் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்த மனிதரிடம் கோபப்படாமல் எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குக் கடுப்பாக இருந்தது. படத்தின் ஓரத்தில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிற சிறுமி நான்தான்.