கழற்றிய கண்ணிகள்

ஏலத்தோட்டத்துக் கங்காணி சோலைமலைக்குக் கைக்கடிகாரத்தின் தோல்வார் ஒத்துவரவில்லை. மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்து நாறியது; மணிக்கட்டெல்லாம் புண். போடிக்கு இறங்கி, கடிகாரக் கடையில் எவர்சில்வர் சங்கிலி மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை போலக் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

அடுத்த மழையில் மலைக்காய்ச்சல். கை மெலிந்து சங்கிலி நழுவியது. கடைக்காரர் ஒரு கண்ணியைக் கழற்றினார். மலையை விட்டு இறங்கினால் காய்ச்சல் விடும். சோறு யார் போடுவது? காய்ச்சல் வர வர, கண்ணிகளும் கழன்றன. சோலைமலை அவற்றை வாங்கித் துணியில் முடிந்துகொண்டார்.

"உடம்பு தேறுனா திரும்பக் கோக்கணும்ல."

தை மாதம் அவர் மனைவி சந்திரவல்லி மட்டும் வந்தாள், வெறும் நெற்றியோடு. கடிகாரத்தை வைத்து, முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள்.

"எல்லாத்தையும் கோத்துருங்கண்ணே. மூத்தவனுக்குக் கை பெருசு. அப்பன் பாத்த சோலிக்கு நாளைக்கு மலையேறுறான்."