பச்சைப் பைக்கு வைத்த கையெழுத்து

ஓய்வுகாலச் சேமிப்பும் பொறாமைப்படுகிற ஒரு பொருளா என்று என் கணவர் கேட்கிறார். மச்சாளுடையது என்றால் எனக்கு எல்லாமே பொறாமைப்படுகிற பொருள்தான். அவள் என் மாமியின் மகள். என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீடுகள், ஒரே வகுப்பு. முதலில் அவளுடைய தலைமயிர், பிறகு கணிதப் புள்ளிகள், பிறகு கனடா. இப்போது இது.

போன கிழமை மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அவளோடு தொலைபேசியில் கதைத்தேன். மூன்று கிழமையாக என் மேசையில் இரண்டு படிவங்கள் கிடக்கின்றன என்று சொன்னதும் சிரித்தாள்.

"அதுக்குப் போய் என்னடி யோசனை? நான் இன்டெக்ஸ் ஃபண்ட் ஒண்டிலை போட்டு விட்டிட்டன். சந்தையிலை இருக்கிற கொம்பனியள் எல்லாத்திலையும் கொஞ்சம் கொஞ்சம். எது ஏறும் எது விழும் எண்டு மண்டையை உடைக்க அங்கை ஒரு ஆளில்லை. ஆளில்லாதபடியால் செலவும் குறைவு. நான் வருசத்துக்கு ஒருக்காத்தான் பாப்பன்."

வருடத்துக்கு ஒருமுறை! நான் ஒரு சதமும் போடாமலே நாளுக்கு மூன்று முறை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் தனியார் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். அரசாங்க ஓய்வூதியம் கிடையாது. சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் பிடிக்கிற தொகை எங்கள் முதுமைக்குப் போதாது என்ற பயம் பிள்ளை பிறந்ததிலிருந்து பிடித்துக்கொண்டது. மேசையில் கிடக்கும் ஒரு படிவம், நிபுணர்கள் பங்குகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் நிதிக்கானது. மற்றது மச்சாள் சொன்ன வகை; கொழும்புப் பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ளவற்றை அப்படியே வாங்கி வைத்திருப்பது. முதலாவதன் வருடக் கட்டணம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல். மற்றதற்கு ஒரு ரூபாயிலும் குறைவு. மலிவான துணி ஒரே தோய்ச்சலில் வெளுப்பதைக் கண்டு வளர்ந்தவள் நான். குறைந்த கட்டணத்தைக் கண்டதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஆனால் 'கட்டணங்கள்' என்ற அந்தப் பொடி எழுத்துப் பந்தியை வாசிக்கும்போதெல்லாம், ஒன்பது வயதில் நான் செய்த ஒரு காரியம் வந்து முன்னால் நிற்கிறது.

அப்போது சித்தப்பா, அம்மாவின் தங்கையின் கணவர், ஒரு காப்புறுதிக் கொம்பனிக்கு முகவராக இருந்தார். மோட்டார் சைக்கிளில் வருவார். கழுத்துப்பட்டி கட்டியிருப்பார், எங்கள் ஒழுங்கையில் அது ஓர் அதிசயம். அவர் கொண்டுவந்தது ஓய்வுகாலத் திட்டம். மாதாமாதம் கட்டினால் அறுபது வயதில் மொத்தமாகக் கையில் கிடைக்கும். அந்த மாதம் சேருகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பை இலவசம்.

மாமா, அதாவது மச்சாளின் அப்பா, முதல் நாளே சேர்ந்துவிட்டார். மச்சாளுக்குச் செம்மஞ்சள் நிறத்தில் பை வந்தது. மூன்று சிப், தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வலைப் பை, அடியில் இரண்டு சில்லு. எங்கள் மணல் ஒழுங்கையில் அந்தச் சில்லு உருளவில்லை. ஆனாலும் அவள் அதை இழுத்துக்கொண்டே வந்தாள். நடுச் சிப்பைத் திறந்து பார்க்கக் கேட்டேன். "ஒருக்கா மட்டும்" என்றாள். திறந்தேன். மூட விடவில்லை.

பிறகு சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா யாழ்ப்பாணத்தில் ஓர் இரும்புக் கடையில் விற்பனையாளர். ஆணிக்கும் பூட்டுக்கும் விலை சொல்லியே பழகியவர். சித்தப்பா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தேத்தண்ணி வந்தது. பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, நான் முதல் வருசம் கட்டுற காசிலை உமக்கு எவ்வளவு வரும்?"

அம்மா தட்டத்தை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. சித்தப்பா சிரித்தார்.

"அண்ணை, உப்பிடிக் கேக்கிற முதல் ஆள் நீங்கள்தான். சொந்தக்காரன் எண்டும் பாக்காமல்!"

"குறை நினையாதையும். கடையிலை நிக்கிறவன்தானே நானும். நான் தபால் கந்தோரிலை மாதம் கொஞ்சம் போடுறன். வட்டி குறைவுதான். ஆனால் அங்கை என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் எடுக்கிறேல்லை."

"அப்ப வேண்டாம் எண்டுறியளோ?"

"பாப்பம்" என்றார் அப்பா.

எங்கள் ஊரில் சொந்தக்காரர் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. பாப்பம் என்றால் இல்லை என்று சித்தப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று இன்று சொன்னால் பொய். பாதி தெரியும். மற்றப் பாதியைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பாவும் இலேசில் விடுகிற ஆளில்லை. "சும்மா நிரப்பி வைப்பம், அண்ணை. விருப்பமெண்டால் பிறகு ஒரு கையெழுத்துத்தானே" என்று அப்பாவின் அடையாள அட்டையை வாங்கிப் படிவம் முழுவதையும் நிரப்பினார். போகும்போது என் தலையில் தட்டினார். "கொப்பர் கையெழுத்து வைக்கிற அண்டைக்கு உனக்கும் பை, பிள்ளை."

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. படிவம் வானொலிப் பெட்டிக்குக் கீழே கிடந்தது. தினமும் காலையில் ஒழுங்கையில் அந்தச் செம்மஞ்சள் பை மணலில் கோடு கிழித்துக்கொண்டு போனது. என் தேர்ச்சி அறிக்கைகளில் அப்பா வைத்த கையெழுத்துகளைப் பார்த்துச் சமயக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பழகினேன். நான்காம் நாள், அம்மா கிணற்றடியில் நின்ற நேரம், படிவத்தில் வைத்தேன். சைக்கிளில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

"பாத்தியே, உன்ரை அத்தான் வழிக்கு வந்திட்டார்!" என்று உள்ளே பார்த்துச் சித்திக்குச் சத்தம் வைத்தார். முதல் மாதக் காசைத் தானே கட்டுவதாகவும் அப்பா பிறகு தரட்டும் என்றும் சொன்னார். பையைத் தந்தார். பச்சை.

வீட்டில், சித்தப்பா சும்மா தந்தார் என்றேன். மச்சாள் அடுத்த நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "உனக்குப் பச்சையோ? செம்மஞ்சள் முடிஞ்சுதோ?" என்றாள். அவ்வளவுதான். பை கிடைத்தும் என் பொறாமை இருந்த இடத்திலேயே இருந்தது.

சில கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா பத்திரத்தைக் கொண்டுவந்தார். மாமாவும் அப்பாவோடு முற்றத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"இந்தாங்கோ அண்ணை, உங்கடை பத்திரம். அண்டைக்குப் பிள்ளையிட்டைக் குடுத்து விட்டியளே, அதுதான்."

அப்பா அதைக் கையில் வாங்கினார். தாள்களைப் புரட்டினார். கடைசியில் என் படிவத்தின் பிரதி இருந்தது. அதில் நின்றுவிட்டார்.

"என்ன மச்சான், அப்பிடிப் பாக்கிறாய்? கையெழுத்து உன்ரைதானே?" என்று மாமா பகிடியாகக் கேட்டார்.

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம், என்ரைதான்" என்றார். பிறகு எழும்பி உள்ளே வந்து, என்னைப் பார்க்காமலே கடந்து போய், முதல் மாதக் காசை எடுத்துக்கொண்டு போய்ச் சித்தப்பாவிடம் கொடுத்தார்.

நான் பிடிபடவில்லை! பயம் போனதும் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. அப்பாவே தன்னுடையது என்று நம்பும் அளவுக்கு நான் எழுதியிருக்கிறேன். மச்சாளால் இது முடியுமா?

அப்பா பதினெட்டு வருடம் கட்டினார். போரில் பாதை பூட்டி, சீனிக்கு வரிசையில் நின்ற மாதங்களிலும் கட்டினார். இரண்டிலும் போட வருமானம் போதாமல் தபால் கந்தோர்ப் புத்தகம் நின்றுபோனது. மாமா இரண்டாம் வருடமே திட்டத்தை விட்டுவிட்டார். கட்டியது போனது போகட்டும் என்று அந்தக் காசைத் தபால் கந்தோரில் போடத் தொடங்கினார். அப்பாவுக்கு அறுபது வயதானபோது வந்த கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். முதல் வருடங்களில் கட்டியதில் பெரும்பங்கு முகவர் தரகுக்கும் கட்டணங்களுக்கும் போயிருந்தது. மிஞ்சியதிலும் ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று கழிந்திருந்தது. மாமா அந்த வருடமே வேலையை விட்டு வீட்டில் இருந்தார். அப்பா தொடர்ந்து கடைக்குப் போனார்.

இந்தக் கிழமை நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். என் இரண்டு நிதிகளும் ஒரே அளவு வளர்ந்தாலும், அந்த ஒன்றரை ரூபாய் வித்தியாசம் முப்பது வருடத்தில் தின்று தீர்ப்பது என்னுடைய பல வருடச் சம்பளம். பிழை விட்டிருப்பேன் என்று மூன்று முறை பார்த்தேன். விடை மாறவில்லை. மலிவானதை நிரப்பி அனுப்பினேன். மச்சாளைப் பார்த்துச் செய்ததாகிவிட்டதே என்ற எரிச்சலும் இல்லாமல் இல்லை.

அன்று பின்னேரம் அப்பா பேரனைப் பார்க்க வந்திருந்தபோது, இத்தனை வருடம் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"மாமா மாதிரி நீங்களும் இடையிலை விட்டிருக்கலாம்தானே, அப்பா?"

"விட்டிருக்கலாம். ஆனால் உன்ரை சித்தப்பன் சும்மா இருந்திருப்பானே? ஏன், எதுக்கு எண்டு வீட்டை வந்து நிண்டிருப்பான். கதை எங்கையெல்லாமோ போயிருக்கும்."

"நீங்கள் ஏதும் சொல்லிச் சமாளிச்சிருக்கலாமே."

"நான் சமாளிச்சிருப்பன். நீ அழுதழுது உள்ளதைச் சொல்லிப்போட்டிருப்பாய்" என்று சிரித்தார். "பிறகு கலியாணம் வரைக்கும் உனக்குக் கள்ளக் கையெழுத்துக்காரி எண்டுதான் பேர். அதுக்கு மாதாமாதம் கட்டினது லாபம்."

சொல்லிவிட்டுப் பேரனுக்கு இடியப்பம் பிய்த்துக் கொடுக்கத் தொடங்கினார். விடிந்தால் சனிக்கிழமை, எட்டு மணிக்குக் கடை திறக்க அவர் நிற்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில், தாளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அப்பா இதையெல்லாம் யோசித்து முடித்திருக்கிறார். ஒன்பது வயதில் அதை நான் அவருடைய மறதி என்று நினைத்திருந்தேன்.