வெள்ளைப் பூ வந்தால் என்ன அர்த்தம்

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். குடியிருந்தது ஆரம்பாக்கத்தில். வீட்டில் நான், மனைவி, ஒரு நாய். நாய்க்கும் எனக்கும் ஆகாது. என் செருப்பைத் தேடித்தேடிக் கடிக்கும். அவள் செருப்பை மோந்துகூடப் பார்க்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய இரும்பு ஏற்றி வந்த லாரி அதை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. கோணியில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கி வந்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. விடாமல் கத்தியது. ஓடிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தேன். எங்கள் பக்கத்தில் நாய்க்கென்று தனி டாக்டர் ஏது?

ஆயுள் முழுக்க மாடு பார்த்தே பழகிய மனிதர். வந்ததும் வராததுமாக, "தீனி எடுக்குதா? எத்தனை ஈத்து?" என்றார்.

"ஆம்பள நாய் சார்," என்றாள் என் மனைவி.

அவர் அசடு வழிந்துகொண்டே குனிந்து தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. முதுகெலும்பு முறிந்துவிட்டது, பிழைக்காது, இரண்டு மூன்று நாள் இப்படியே துடிக்கும், ஊசி போட்டால் வலியில்லாமல் போய்விடும் என்றார்.

"போட்டுடுங்க சார்," என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"நீ இன்னா எமனா? செருப்பக் கடிச்ச கோவத்துல பேசுற. நாளைக்கு உன் காலு ஒடிஞ்சா உனக்கும் ஊசி போட்டுடலாமா?" என்றாள்.

டாக்டர் என் காலை ஒருமுறை பார்த்தார்.

அரைமணி நேரம் கத்தித் தீர்த்த பிறகு, பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எங்கள் வீட்டில் அம்மனைக் கேட்காமல் எதுவும் நடக்காது. மல்லியை ஒரு காகிதத்திலும் செவ்வரளியை இன்னொரு காகிதத்திலும் ஒரே மாதிரி மடித்து, குலுக்கி, அம்மன் படத்துக்கு முன்னால் போட்டாள். சம்பந்தமில்லாத ஆள் ஒருவர்தான் எடுக்க வேண்டும். டாக்டரைப் பார்த்தோம்.

"நான் கவர்மெண்ட் உத்தியோகத்துல இருக்கறவன்மா," என்று பின்வாங்கினார். நாங்கள் விடவில்லை. கை கழுவி, கண்ணை மூடி, ஒன்றை எடுத்துப் பிரித்தார். மல்லி.

"வெள்ள! பொழச்சிக்கும்!" என்று என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வெள்ளன்னா ஊசின்னுதான நான் நெனச்சிக்கினு இருந்தேன்!"

எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் பேசி வைக்கவில்லை. அம்மனிடமும் சொல்லவில்லை.

"வெள்ள நல்லதுக்குய்யா!"

"எது நல்லதுங்கறதுக்குத்தான்டி பூவே போட்டோம்!"

"இன்னொரு தடவை எடுக்கட்டுமா?" என்றார் டாக்டர். அவருக்கு இப்போது ஆர்வம் வந்துவிட்டது.

"அம்மன ரெண்டு தாட்டி கேட்டா அவள நம்பலன்னு ஆயிடும்," என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அப்போதுதான் கவனித்தோம், நாய் கத்துவதை நிறுத்தியிருந்தது. அவள் குரல் கேட்டு, முன்னங்கால்களை மட்டும் ஊன்றி அவளை நோக்கி நகரப் பார்த்தது. ஒரு சாண்கூட வர முடியவில்லை. மறுபடியும் ஊன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கீழே உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் காதைத் தடவிக் கொடுத்தாள்.

"போட்டுடுங்க சார். அம்மன் தலையில போட வேணாம். பாவம் எனக்கே வரட்டும்," என்றாள். பிறகு என்னிடம், "நீ வந்து இத்தோட காலப் புடிச்சிக்க," என்றாள்.

காலையிலிருந்து ஊசி, ஊசி என்று கத்தியவன் நான். டாக்டரின் சைக்கிள் விழுந்துவிடப் போகிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய், அதன் ஹாண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிள் ஸ்டாண்டு போட்டுத்தான் இருந்தது.