மம்பட்டி வண்டி உடையப்பன்

பனியைத் தள்ளுவதற்கென்று அமெரிக்காவில் செய்த இரும்புப் பலகையைக் கொண்டுவந்து, பிக்கப் வண்டியின் முகத்தில் மாட்டி, பாலைவனத்து மணலைத் தள்ளு என்றால் அது என்ன செய்யும்? முரண்டு பிடிக்கும். பிடித்தது. அபுதாபிப் பக்கம் ருவைஸில் எண்ணெய் ஆலைக்குப் போகிற பக்க ரோடுகளில் மணல் தள்ளும் காண்டிராக்டை எடுத்திருந்த ஒரு கம்பெனி, அந்த வண்டியை எங்கோ ஏலத்தில் பிடித்து வந்தது. மலிவாகக் கிடைத்ததாம். மலிவாகக் கிடைத்த சாமானுக்கெல்லாம் யாராவது ஒருத்தன் உடம்பு தேய வேண்டும் இல்லையா? இங்கே தேய்ந்தது உடையப்பன் உடம்பு.

உடையப்பன் சிவகங்கைப் பக்கத்து ஆள். ஊரில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன், இரண்டாயிரத்து மூன்றில் இந்தக் கம்பெனிக்கு வந்தான். வண்டியோடு கூடவே ஒரு புத்தகமும் வந்திருந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் பனி. தொப்பியும் கையுறையும் போட்ட ஒரு வெள்ளைக்காரன் பனிக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கேம்பில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, 'இவன ஜூலை மாசம் இங்க கொண்டாந்து நிறுத்தணும்' என்று சிரித்தார்கள். வண்டிக்கு 'மம்பட்டி வண்டி' என்று பேர் வைத்ததும் அவர்கள்தான். பேர் நிலைத்துவிட்டது. பட்டான் டிரைவர்கள்கூட 'மம்பட்டி, மம்பட்டி' என்றுதான் சொன்னார்கள்.

அந்தப் பலகையைத் தூக்க, இறக்க, பக்கவாட்டில் திருப்ப முன்னால் ஒரு சின்ன மோட்டாரும் பம்பும் உண்டு. பம்பு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் பலகையைத் தூக்கும். டிரைவர் இருந்த இடத்திலிருந்தே சுவிட்சை அமுக்கினால் போதும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. குளிருக்கென்று ஊற்றியிருந்த எண்ணெய் ருவைஸ் வெயிலில் தண்ணீராக இளகிவிட்டது. தூக்கிய பலகை தானாகவே இறங்கி ரோட்டைக் கிழித்தது. உடையப்பன் அத்தனை எண்ணெயையும் வடித்துவிட்டு, கிரேனுக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயை ஊற்றினான். இறங்குவது நின்றது. பிறகு சிலிண்டர் தண்டில் மணல் ஒட்டி, உள்ளே போய், எண்ணெய் ஒழுகாமல் பிடிக்கிற ரப்பர் சீலைத் தின்றது. பழைய தார்ப்பாயைக் கிழித்துத் தைத்து, தண்டுக்குச் சட்டை மாட்டினான். அதுவும் நின்றது. பனியில் வருஷக்கணக்கில் வருகிற பலகையின் அடித்தகடு மணலில் மாசக்கணக்கில் தேய்ந்தது. தேயத் தேயத் திருப்பி மாட்டினான், பிறகு புதிது மாற்றினான்.

கடைசியாக வந்தது கரண்டு கோளாறு. சுவிட்சை அமுக்கினால் 'டிக், டிக்' என்று சத்தம் மட்டும் வரும், மோட்டார் சுற்றாது. மோட்டார் எரிந்துவிட்டது என்று எல்லாரும் கையை விரித்தார்கள். கோளாறு மோட்டாரில் இல்லை, எர்த்தில் இருந்தது. கடற்கரை ஊர். உப்புக்காற்று ஓயாமல் அடித்து, எர்த் கம்பி பிடித்திருந்த இடத்தில் பூத்துப்போயிருந்தது. கரண்டு உள்ளே போகிறது, திரும்பிவர வழியில்லை. உடையப்பன் மோட்டாரிலிருந்து தனியாக ஒரு தடித்த கேபிளை இழுத்து, பம்பருக்குப் பின்னால், சட்டத்தின் உள்பக்கம், கை மட்டும் போகிற இடத்தில் ஒரு போல்ட் போட்டு முடுக்கினான். மேலே கிரீசையும் கறுப்புப் பெயின்டையும் அப்பிவிட்டான். வண்டி அதிர்வில் அந்த போல்ட் அவ்வப்போது தளரும். தளர்ந்தால் டிக் டிக். அரைத் திருகு திருகினால் சரி.

அந்த அரைத் திருகைத்தான் அவன் யாருக்கும் காட்டவில்லை.

காரணம் இருந்தது. அவனோடு ஒரே ரூமில் இருந்த வெல்டர் ஐயப்பனை, அவன் வேலையைச் செய்ய இன்னொருத்தன் கிடைத்துவிட்டான் என்ற ஒரே குற்றத்துக்காகக் கம்பெனி ஊருக்கு அனுப்பிவிட்டது. பெட்டி கட்டக்கூட நேரம் கொடுக்கவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து அடுத்தது நாம்தானோ என்ற நினைப்பு உடையப்பனை விடவில்லை. அதனால் மம்பட்டி நின்றால் எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுவான். வண்டிக்கு அடியில் படுப்பான். போல்ட்டை முடுக்கிவிட்டு, சும்மா கிடக்கிற இரும்பைச் சுத்தியலால் நெடுநேரம் தட்டிக்கொண்டிருப்பான். பிறகு முகமெல்லாம் கிரீசோடு எழுந்து வந்து, 'இப்பப் பாருங்க' என்பான். பலகை ஜம்மென்று எழும்பும். இவன் இல்லாவிட்டால் இந்த வண்டி இல்லை என்ற பேச்சு கம்பெனி முழுக்கப் பரவியது. மனுஷன் உச்சி குளிர்ந்துபோனான். மடையன். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

ஊரில் அவன் பெண்டாட்டி நாகஜோதிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் நெஞ்சு படபடத்தது. மதுரையில் காட்டினார்கள். இருதயத்தில் வால்வு பழுது, அறுத்துத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். போனில் அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நீங்க வந்து வாசல்ல நின்னாத்தான் நான் உள்ள போவேன். இல்லாட்டி என்னைய விட்ருங்க."

எகிப்துக்கார மேனேஜரிடம் போய் லீவு கேட்டான். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பாவம், கவலைப்படாதே, மணலை வாரி இறைக்கிற ஷமால் காற்று அடிக்கிற மாசம் இது, ரோடெல்லாம் மணல், நீ போய்விட்டால் மம்பட்டியை யார் பார்ப்பது, காற்று அடங்கட்டும் என்றார். நாகஜோதி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாள். காற்று அடங்கியது. அடுத்து ஆலையில் ஏதோ பெரிய வேலை, லாரிகள் வந்துபோக வேண்டும், இப்போது முடியாது என்றார். அவள் மறுபடியும் தள்ளிப்போட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. 'உன்னைப்போல இன்னொருத்தன் இருந்தால் நாளைக்கே அனுப்புவேன்' என்றார். உடையப்பனுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மதுரை டாக்டரோ இனித் தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அவன் சித்தீக் பாயைப் பிடித்தான். முகம்மது சித்தீக் தொண்டிக்காரர், அந்த வண்டியின் டிரைவர். இவனைவிட மூத்தவர். முறை வைத்து மாப்ள என்றுதான் இவனைக் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமைத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு இவனோடு வண்டிக்கு அடியில் படுத்தார். எண்ணெய் மட்டம் பார்ப்பது, நுரை கட்டினால் காற்றை வெளியேற்றுவது, சீல் மாற்றுவது, பலகை பக்கவாட்டில் திரும்பாமல் நின்றால் எந்த வால்வைக் கழற்றித் துடைப்பது, அடித்தகட்டைத் திருப்புவது என்று எல்லாவற்றையும் உடையப்பன் சொல்லிக் கொடுத்தான். எல்லாவற்றையும் என்றால், அந்த ஒரு போல்ட்டைத் தவிர. அதைச் சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டான். போய்விட்டுத் திரும்பி வரவேண்டுமே. கையில் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தான்.

மேனேஜர் வந்து பார்த்தார். சித்தீக் பாய் தனியாளாக நின்று சீலை மாற்றிப் பலகையைத் தூக்கிக் காட்டினார். மேனேஜருக்குத் திருப்தி. அங்கே நின்றபடியே ஆபீசுக்குப் போன் போட்டு அரபியில் ஏதோ பேசினார். உடையப்பனுக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. 'உடையப்பன், கலாஸ்.'

வளைகுடாவில் அந்தக் கலாஸ் படுகிற பாட்டைச் சொல்லி முடியாது. சாப்பாடு ஆச்சா என்றால் கலாஸ். டியூட்டி முடிந்ததா என்றால் கலாஸ். பேப்பர் வேலை ஆனாலும் கலாஸ், பேட்டரி செத்தாலும் கலாஸ், ஆள் செத்தாலும் கலாஸ்தான். உடையப்பன் காதில் அது தன் லீவு வேலை முடிந்தது என்று விழுந்தது. வேறு எப்படி விழும்? அவ்வளவு நாளாக அவன் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தானே. கேம்புக்கு ஓடிவந்து, 'லீவு கலாஸாயிருச்சு' என்று ரூம் ரூமாகச் சொன்னான். ஆபீசில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். நாகஜோதிக்குப் போன் பண்ணி ஆபரேஷனுக்குத் தேதி வாங்கச் சொன்னான். அவள் அன்றைக்குத்தான் சிரித்தாளாம்.

பாஸ்போர்ட்டைக் கம்பெனி எப்போதும் கையில் தராது. அபுதாபி ஏர்போர்ட் வாசலில் வைத்துத்தான் கொடுப்பார்கள். ஆபீசிலிருந்து வந்திருந்த மலையாளத்துக்காரர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் நீட்டினார். உடையப்பன் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வருகிற டிக்கெட் எங்கே என்று கேட்டான். அந்த மனிதருக்கே சங்கடமாகிவிட்டது.

"ரிட்டர்ன் இல்லா சேட்டா. விசா கேன்சல் ஆக்கி. கலாஸ் என்னு சார் பறஞ்ஞது சேட்டன் கேட்டில்லே?"

கேட்டான். நன்றாகவே கேட்டான். கேட்டுவிட்டு ரூம் ரூமாகப் போய்ச் சொன்னவன் அவன்தானே! ஏர்போர்ட் வாசலில் பெட்டியோடு நின்று அவன் நெஞ்சு கொதித்தது. ருவைஸுக்குத் திரும்பிப் போய் அந்த மேனேஜர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிடித்து என்ன ஆகப்போகிறது? மதுரையில் ஒருத்தி, வாசலில் இவன் நிற்பான் என்று நம்பி ஆஸ்பத்திரியில் சேரப்போகிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மகராசிக்குப் பாவம். வாசலில் நின்றான், உள்ளே கொண்டுபோகும்போது கையைப் பிடித்துக்கொண்டான், வெளியே கொண்டுவரும்போதும் அங்கேயேதான் நின்றான். லீவு எத்தனை நாள் என்று அவள் கேட்டாள். கம்பெனியில் நல்ல பேர் இருப்பதால் நிறையக் கொடுத்திருக்கிறார்கள் என்றான். அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சொட்டு மருந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அவளை வார்டுக்கு மாற்றியிருந்த ஒரு மத்தியானம் அவன் செல்போன் அடித்தது. வளைகுடா நம்பர் மாதிரி தெரிந்தது. எடுத்தால் சித்தீக் பாய். போனுக்குள்ளேயே காற்று இரைந்தது.

"மாப்ள, மம்பட்டி தூக்க மாட்டேங்குது. சுவிட்ச அமுக்குனா டிக் டிக்குங்குது, அம்புட்டுதான். நீ சொல்லிக் குடுத்தது எல்லாத்தையும் பாத்துட்டேன்."

உடையப்பன் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனான். ஆக, வந்தது. கையில் பிடித்து வைத்திருந்த அந்த ஒன்றுக்கு வேளை வந்துவிட்டது. இனி அவர்களே விசா அனுப்புவார்கள், மேனேஜரே போனில் வருவார், வரட்டும். குரலை நிதானமாக்கிக்கொண்டு, மேனேஜர் எங்கே என்று கேட்டான்.

பக்கத்தில்தான் நிற்கிறார் என்றார் பாய். ரோடு முழுக்க மணலாம், ஆலை லாரிகள் வரிசையாக நிற்கின்றனவாம். இன்றைக்கு வண்டி நகராவிட்டால் உனக்கும் டிக்கெட்தான் என்று சொல்லிவிட்டாராம்.

"என்னையத் திரும்பக் கூப்புடுறதப் பத்தி எதுவும் சொன்னாரா பாய்?"

பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொய் சொல்லி ஒங்கிட்ட வேலை வாங்க எனக்கு மனசு வரல மாப்ள. ஒன் பேரே எடுக்கல. அந்த டிரைவருக்குத் தெரியலேன்னா வேற டிரைவரப் பாருன்னுதான் ஆபீசுல சொல்லிக்கிட்டிருந்தாரு."

சொல்லாமல் போனை வைத்துவிடலாம். வைத்தால் மேனேஜருக்கு என்ன நஷ்டம்? நாளைக்கே வேறு ஒரு மெக்கானிக் வந்து மோட்டாரையே கழற்றி மாற்றுவான். பெட்டியோடு ஏர்போர்ட் வாசலில் நிற்கப்போவது சித்தீக் பாய். வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, இவன் பெண்டாட்டி பிழைக்க வேண்டுமே என்று மணலில் மல்லாந்து படுத்த மனுஷன்.

சொன்னான். பம்பருக்குப் பின்னால் கையை விடச் சொன்னான், சட்டத்தின் உள்பக்கம் தடவச் சொன்னான், கறுப்புப் பெயின்டுக்கு அடியில் ஒரு போல்ட் தட்டுப்படும், அரைத் திருகு திருகுங்க என்றான். பாய் போனை யாரிடமோ கொடுத்துவிட்டுக் குனிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மோட்டார் உறுமுகிற சத்தம் கேட்டது. யாரோ 'யல்லா, யல்லா' என்று விரட்டினார்கள். லைன் போய்விட்டது. உடையப்பன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றான், திரும்பவும் கூப்பிடுவார்களோ என்று. கூப்பிடவில்லை.

கட்டிலில் நாகஜோதி விழித்திருந்தாள். யார் போனில் என்று கேட்டாள்.

"கம்பெனியிலருந்துதான். எப்ப வருவேன்னு கேக்குறாங்க."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நெஞ்சில் தையல் போட்டிருந்ததால் மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"பத்து நாள்கூட விட மாட்டாங்க போல. நீங்க கெளம்புங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். பக்கத்துக் கட்டில்காரியிடம், இவரை விட்டால் அங்கே ஆளே கிடையாதாம் என்று பெருமையாகச் சொன்னாள். அந்தம்மாவும் உடையப்பனை ஏற இறங்கப் பார்த்து, அப்படியா என்று கேட்டது. ஆமாம் என்று தலையாட்டினான்.