டேங்கரில் எழுதியிருந்த சொல்

மணலி ஷேர் ஆட்டோவில் தினமும் என் எதிரே உட்காருவார் அந்த ஆங்கில வாத்தியார். ஒட்டிய கன்னம், கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. பயம் வந்துவிட்டால், கண்ணில் படும் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

அன்று ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் நின்ற டேங்கர் லாரியின் அடியிலிருந்து திடீரென்று வெள்ளைப் புகை சீறியது. எங்கள் கண்கள் எரிந்தன. லாரியின் பின்புறம் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ‘டாக்ஸிக்’ என்றிருந்தது.

“கிரேக்க மொழியில டாக்ஸோன்னா வில்லு,” என்றார் வாத்தியார். “அம்பு முனையில தடவுற விஷத்துக்கு அந்தப் பேரு வந்துச்சு. அதுலேர்ந்துதான் இந்த...”

“சாரே, அம்பெல்லாம் அப்பால சொல்லு! காத்து எந்தாண்ட அடிக்குது, அத்தப் பாரு!” என்று கத்தினார் டிரைவர். ரசாயன ஆலைகள் சூழ்ந்த எண்ணூர்க்காரர். கேஸ் கசிந்தால் காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வாத்தியார் கைக்குட்டையை வெளியே நீட்டினார். அது திரும்பி அவர் முகத்திலேயே அடித்தது.

“நம்ம மேலதான்,” என்றார்.

ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு, தண்டவாளத்தை ஒட்டி எல்லோரும் ஓடித் தப்பித்தோம்.

மறுநாள் ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில், காற்றுப் பார்க்க அந்தக் கைக்குட்டையைக் கட்டியிருந்தார் டிரைவர். மணலி வரும்வரை வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு சொல்லுக்கும் பூர்வீகம் சொல்லவில்லை. அவருக்குப் பயம் போய்விட்டதா, பேச முடியாத அளவுக்கு வந்துவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.